முத்திரை மேல் முத்திரை

1658 ஜூன் மாதம் யாழ்ப்பாணக் கோட்டை போர்த்துக்கேயர் கையிலிருந்து ஒல்லாந்தர் கைக்குப் போனது. மூன்று மாதத்துக்கும் மேல் நீண்ட முற்றுகை அது. முடிந்த அன்றே கொடி மாறிவிட்டது. ஆனால் சந்தையில் புழங்கிய வெள்ளிக்காசுகளில் இருந்ததோ தோற்றுப்போன போர்த்துக்கல்லின் சின்னம். கோவாவிலும் கொழும்பிலும் அடிக்கப்பட்ட அந்தத் தங்காக்களை எல்லாம் திரட்டி உருக்கிப் புதுக்காசு அடிப்பதென்றால் நாளும் வேண்டும், பொருளும் வேண்டும். இலங்கையில் தாம் பிடித்த இடங்களில் ஒல்லாந்தர் கண்ட வழி எளியது. ஒரு சிறு இரும்பு அச்சு, ஒரு சுத்தியல். பழைய காசின் மேலேயே தம் கிழக்கிந்தியக் கம்பனியின் அடையாளத்தைக் குத்தினார்கள். பெரிய 'வி' எழுத்தின் இரு கைகளிலும் 'ஓ'வும் 'சி'யும் கோத்த அடையாளம் அது. வெள்ளி அதே வெள்ளி, எடை அதே எடை. பொறுப்பாளி மட்டும் வேறு ஆள்.

நாணயம் படிப்பவர்கள் இதை மேல்முத்திரை என்பார்கள். உலகில் இதற்குப் பேர்போன இடம் மெக்சிக்கோ. 1810இல் ஸ்பெயினுக்கு எதிராக எழுந்த கிளர்ச்சியாளர்களிடம் ஆட்கள் இருந்தார்கள், காசு இல்லை. தெற்கில் படை நடத்திய பாதிரியார் ஹொசே மரியா மொரேலோஸ் செம்பில் காசு அடித்தார். வில்லும் அம்பும், கீழே தெற்கு என்ற சொல்லும் பொறித்த அந்தச் செப்புக்காசு, வென்ற பிறகு வெள்ளியாகத் திருப்பித் தருவோம் என்ற வாக்குறுதி. அதோடு மன்னனின் தலை பொறித்த ஸ்பானிய வெள்ளிக்காசுகளிலும் தம் பெயரெழுத்துகளைப் பின்னிய முத்திரையைக் குத்தவைத்தார். மன்னனின் முகத்துக்குப் பக்கத்திலேயே கலகக்காரனின் கையொப்பம். 1815 டிசம்பரில் மொரேலோஸைச் சுட்டுக் கொன்றார்கள். அவர் முத்திரை பட்ட வெள்ளியோ கைமாறிக்கொண்டே இருந்தது.

அதற்கு மறுபக்கமும் உண்டு. மெக்சிக்கோவும் பெருவும் விடுதலை பெற்றபின், அவற்றின் வெள்ளி டாலர்கள் ஸ்பெயின் இன்னும் ஆண்டுகொண்டிருந்த மணிலாவுக்கு வந்து சேர்ந்தன. விடுதலை என்ற சொல்லைத் தாங்கிய காசை ஸ்பெயினின் ஆளுநர் எப்படிப் புழங்கவிடுவார்? வெள்ளியைத் திருப்பி அனுப்பவும் மனமில்லை. 1828இல் அந்தக் காசுகளை மீண்டும் அச்சில் வைத்து, மன்னர் பெர்னாண்டோவின் பெயரால் இது செல்லும் என்று அடித்து, கிளர்ச்சியின் எழுத்துகளை நசுக்கினார். இன்றைக்கும் அந்தக் காசைச் சாய்த்துப் பிடித்தால் அடியில் நசுங்கிய எழுத்துகள் தெரியும்.

யாழ்ப்பாணத்திலும் அரசுக்கு எதிராக நெடிய போர் நடந்தது. போரிட்ட விடுதலைப்புலிகளுக்குத் தனி நிர்வாகம், நீதிமன்றம், காவற்றுறை, வங்கி வரை இருந்தன. காசு மட்டும் அடிக்கப்படவில்லை. ஏன் என்ற கேள்வி எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. அதற்கு விடை தேட, இந்த மண்ணில் காசும் முத்திரையும் எப்படிப் பழகி வந்தன என்பதிலிருந்து தொடங்கவேண்டும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கந்தரோடை வயல்களில் மழைக்குப் பிறகு பழங்காசு பொறுக்குவது ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு காலத்தில் விளையாட்டு. வரலாற்றாசிரியர் போல் பீரிஸ் 1917இலிருந்து அங்கே தேடியபோது கிடைத்தவற்றில் முத்திரை குத்திய வெள்ளிக்காசுகள் இருந்தன. ரோமர் காசுகளும் இருந்தன. வெள்ளித் தகட்டை வெட்டி, எடை சரிபார்த்து, சூரியன், யானை, மரம், மலை என்று தனித்தனி அச்சுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் குத்திய காசுகள் அவை. பின்பக்கத்துச் சிறு குறிகள், கைமாறும் இடத்தில் எடையும் மாற்றும் பார்த்தவர்கள் இட்ட ஒப்புதல் என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். ஒரு காசைப் பலர் சோதித்திருக்கிறார்கள், பலர் பொறுப்பேற்றிருக்கிறார்கள். இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் இந்தக் குடாநாட்டில் வெள்ளி எத்தனை கை மாறியது என்பதற்கு அந்தத் தழும்புகளே சாட்சி.

பிறகு யாழ்ப்பாண அரசர்களான ஆரியச்சக்கரவர்த்திகள் சொந்தக் காசு அடித்தார்கள். பெரும்பாலும் செம்பு. ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் படுத்திருக்கும் நந்தி, மேலே பிறை, கீழே தமிழில் 'சேது'. இவை இராமநாதபுரத்துச் சேதுபதிகளுடையவை என்று முன்பு சிலர் சொன்னார்கள். சுவாமி ஞானப்பிரகாசரும் முதலியார் இராசநாயகமும் கொட்றிங்டனும் 1920களில் எழுதியவை அவற்றை அந்த அரசர்களின் தலைநகரான நல்லூருக்கு மீட்டுத் தந்தன. பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் வடபகுதி எங்கும் கிடைத்த காசுகளைச் சேர்த்து ஆராய்ந்து நூலாக்கினார். ஓர் அரசு இருந்தது என்பதற்கு ஏடுகளும் பாடல்களும் சொல்லும் சாட்சியை மறுப்பவர்கள் உண்டு. உள்ளங்கையில் வைத்துக் காட்டக்கூடிய 'சேது'வை மறுப்பது கடினம். ஈழத்து வரலாற்றுக்கு ஒரு செப்புக்காசு செய்த உதவி பெரிது.

போர்த்துக்கேயர் 1619இல் கடைசி அரசன் சங்கிலியனைப் பிடித்துக் கோவாவுக்குக் கொண்டுபோய்க் கொன்றபின் நல்லூரின் காசும் நின்றது. அந்தக் காலத்தில் இலங்கை எங்கும் ஓடிய இன்னொரு வெள்ளி, லாரின் என்ற கம்பிக்காசு. பாரசீக வளைகுடாப் பக்கத்து லார் நகரத்தின் பெயர். வெள்ளிக் கம்பியை மடித்துத் தூண்டில் முள்போல வளைத்துத் தட்டையாக்கி அச்சுக் குத்துவார்கள். கண்டியில் சிறையிருந்த றொபேர்ட் நொக்ஸ் 1681இல் வெளிவந்த தன் நூலில் இதைப்பற்றி எழுதுகிறார். அரசனின் அனுமதியோடு யாரும் இதைச் செய்யலாமாம். தமக்குப் பிடித்த எந்தக் குறியையும் குத்திக்கொள்ளலாமாம். அரசன் தலையிடாத காசு. வெள்ளி நல்லதா, எடை சரியா என்பதே கேள்வி.

ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணம் அவர்களுக்குப் பெரும் வருவாய் தந்த பட்டினம். வன்னி யானைகளைக் கொண்டுவந்து விற்றார்கள். சாயவேர், புகையிலை, பனைமரம் எல்லாம் பணமாயின. கடைசி நாட்களில், 1780கள் தொடங்கி 1795இல் ஆங்கிலேயர் வரும்வரை, இலங்கையிலேயே கனத்த செப்புக்காசுகளை அடித்தார்கள். கம்பனி அடையாளத்துக்கு மேலே அடித்த ஊரின் முதலெழுத்து: கொழும்புக்கு ஒன்று, காலிக்கு ஒன்று, திருகோணமலைக்கு ஒன்று, யாழ்ப்பாணத்துக்கு ஒன்று. கரடுமுரடான காசுதான். ஆனாலும் யாழ்ப்பாணத்தின் பெயரெழுத்தைத் தாங்கி ஒரு காசு கடைசியாக வெளிவந்தது அப்போதுதான் என்பதை நினைத்தால் மனம் அங்கே கொஞ்சம் நிற்கிறது.

ஆங்கிலேயர் காலத்தை விரைந்து கடக்கலாம். றிக்ஸ்டாலர், பிறகு பவுண் சில்லிங், பிறகு ரூபாய், 1872இலிருந்து சதம். காசில் விக்டோரியா முகம்; மறுபக்கம் நெடிய மரத்தின் அருகே சிங்களமும் தமிழும். கச்சேரியில் பணம் எண்ணிய சிறாப்பர் ஊரில் பெரிய மனிதரானார். கிழவிகளின் மடியில் பனையோலைக் கொட்டப்பெட்டி. வெற்றிலையோடு ராணியின் முகமும் அதற்குள் கிடந்தது. மலாயாவுக்குப் போய் உழைத்த யாழ்ப்பாணத்தார் 1942இல் சப்பானியர் அச்சிட்ட தாளில் சம்பளம் வாங்கினார்கள். வாழைக்குலை படம் போட்ட தாள் அது. 1945இல் ஆங்கிலேயர் திரும்பி வந்ததும் அந்தத் தாளுக்கு மதிப்பே இல்லாமற்போனது. ஆட்சி மாறினால் தாள் என்னவாகும் என்ற பாடம் அந்தக் குடும்பங்கள் வழியாக ஊருக்கும் வந்து சேர்ந்தது.

யாழ்ப்பாணத்தில் அரசுக்கு எதிராக முதலில் வெளியிடப்பட்ட முத்திரை வெள்ளியில் இல்லை, காகிதத்தில். 1961 பெப்ரவரி 20இல் கச்சேரி வாசலில் தமிழரசுக் கட்சியின் சத்தியாக்கிரகம் தொடங்கியது. சிங்களம் மட்டும் என்ற சட்டத்துக்கு எதிரான மறியல். வாரக்கணக்காகக் கச்சேரி முடங்கிக் கிடந்தது. ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு நாளில், கட்சித் தலைவர் செல்வநாயகம் தமிழரசுத் தபால் சேவையைத் தொடக்கி வைத்தார். கட்சி தானே முத்திரை அச்சிட்டது, விற்றது, அதை ஒட்டிய கடிதங்களைத் தொண்டர்கள் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அரசு அதுவரை பொறுத்திருந்தது. வழிமறித்து உட்கார்ந்ததைப் பொறுத்த அரசால், சட்டப்படி தனக்கு மட்டுமே உரிய ஓர் அடையாளத்தை இன்னொருவர் அச்சிட்டதைப் பொறுக்க முடியவில்லை. சில நாட்களுக்குள் அவசரகாலச் சட்டம் வந்தது, இராணுவம் வந்தது, தலைவர்கள் பனாகொடை முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். மொரேலோஸின் சிறு முத்திரைக்கும் அந்தத் தபால் முத்திரைக்கும் இடையில் எனக்கு நேரடி உறவு தெரிகிறது. இரண்டும் சொன்னது ஒன்றே: இனி இதற்குப் பொறுப்பு நாங்கள். ஒன்றின் பின்னால் படை நின்றது, மற்றதன் பின்னால் வெறுங்கையோடு உட்கார்ந்தவர்கள் நின்றார்கள்.

முப்பது ஆண்டு கழித்துப் படையும் வந்தது. 1990இலிருந்து 1995 முடிவு வரை யாழ்ப்பாணம் விடுதலைப்புலிகளின் கையில். மின்சாரம் இல்லை, பொருளாதாரத் தடை, மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள், கிளாலிக் கடலில் இரவுப் படகு. 1994இல் தமிழீழ வைப்பகம் திறக்கப்பட்டது. சேமிப்பு, கடன், நகை அடகு என்று வங்கி செய்யும் எல்லாம் அங்கே நடந்தன. ஆனால் வைப்பகத்தின் கணக்குப் புத்தகத்தில் எழுதப்பட்டது இலங்கை ரூபாய். கொழும்பு மத்திய வங்கி அச்சிட்டு, நிதி அமைச்சரும் ஆளுநரும் கையொப்பமிட்ட அதே தாள்.

இதற்குக் காரணம் துணிவின்மை அல்ல என்பது என் எண்ணம். ஆசிரியர்களுக்கும் தாதியருக்கும் எழுதுவினைஞருக்கும் சம்பளம், ஓய்வூதியக்காரருக்குப் பென்சன், எல்லாம் போரின் நடுவிலும் கொழும்பிலிருந்து ரூபாயில் வந்தன. வெங்காயமும் புகையிலையும் தெற்கே போனால் திரும்பி வருவது ரூபாய். சோதனைச்சாவடிக்கு அப்பால் செல்லாத காசை அடித்து என்ன பயன்? மெக்சிக்கோக் கிளர்ச்சியாளருக்குக் காலடியிலேயே வெள்ளிச் சுரங்கம் இருந்தது. இங்கே காலடியில் சுண்ணாம்புக்கல். 1968இல் நைஜீரியாவிலிருந்து பிரிந்து நின்ற பியாபிரா சொந்தப் பவுண் அச்சிட்டது. 1970இல் தோற்றபின் அந்தத் தாள்கள் குப்பையாயின. வங்கியில் எவ்வளவு போட்டிருந்தாலும் ஆளுக்கு இருபது நைஜீரியப் பவுண்தான் என்று கணக்கை முடித்தார்கள். வாழ்நாள் சேமிப்பு முழுவதையும் அப்படி இழந்த குடும்பங்கள் அங்கே ஏராளம். அந்த ஒரு துயரம் யாழ்ப்பாணத்துக்கு வரவில்லை.

வேறு துயரம் வந்தது. காசை அடிக்காத இயக்கம் தங்கத்தைக் கேட்டது. வீட்டுக்கு இரண்டு பவுண். திருப்பித் தருவோம் என்று பற்றுச்சீட்டும் கொடுத்தார்கள். தாலிக்கொடியிலிருந்து கழற்றிக் கொடுத்தவர்கள் உண்டு, மனமுவந்து கொடுத்தவர்கள் உண்டு, பயந்து கொடுத்தவர்கள் உண்டு. இந்த மூன்றையும் ஒன்றாக்கிப் பேசுவது அந்த வீடுகளுக்குச் செய்யும் அநீதி. பற்றுச்சீட்டின் பின்னால் இருந்ததும் ஒரு முத்திரைதான்; அந்த அமைப்பு இருக்கும்வரை அதற்கு உயிர். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமமே ஒரே இரவில் எழுந்து தென்மராட்சிக்கு நடந்தபோது, பலரின் பைகளில் அந்தச் சீட்டும் போனது. வன்னியில் வைப்பகத்தில் அடகு வைத்த நகைகள் 2009இல் போர் முடிந்தபோது படையினர் கைக்குப் போயின. 2014இல் ஒரு பகுதியை உரியவர்களிடம் கொடுத்தார்கள். 2025 மே மாதத்திலும் இராணுவம் தன்னிடமிருந்த பொன்னையும் வெள்ளியையும் காவற்றுறையிடம் ஒப்படைத்தது. பதினாறு ஆண்டு கழித்தும் தன் சங்கிலி எங்கே என்று கேட்கும் தாய்மார் இருக்கிறார்கள். அவர்களுடைய கேள்வி அரசியல் கேள்வி மட்டும் இல்லை, மிக எளிய கொடுக்கல் வாங்கல் கேள்வியும்கூட.

போர் பணத்தாளில் பதிந்தது, ஆனால் வென்றவர் பக்கத்திலிருந்து. 2009 நவம்பரில் மத்திய வங்கி ஆயிரம் ரூபாய் நினைவுத்தாளை வெளியிட்டது. முன்பக்கம் கைகளை உயர்த்திய ஜனாதிபதி மகிந்த ராஜபக்ச, பின்பக்கம் தேசியக்கொடியை நாட்டும் படையினர். மே 20, 2009 என்ற நாளைத் தாங்கிய அந்தத் தாள் சட்டப்படி செல்லும் பணம். சம்பளத்தில் வந்தது, கடையில் மீதியாக வந்தது, கோயில் உண்டியலில் விழுந்தது. போரின் கடைசி நாட்களில் உறவுகளை முள்ளிவாய்க்காலில் இழந்த ஒருத்தி அந்தத் தாளை எண்ணித்தான் அரிசி வாங்கவேண்டியிருந்தது. மணிலாவில் 1828இல் நடந்ததன் நம் காலத்து வடிவம் இதுவென்றே நான் கொள்கிறேன். காசில் இன்னொருவரின் எழுத்து ஏற்கெனவே இருந்திருக்கவும் தேவையில்லை. தோற்றவர் மனத்தில் இருந்தாலே போதும், வென்றவர் அதன் மேல் குத்துவார்.

இன்று கஸ்தூரியார் வீதியில் நகைக்கடைகளின் விளக்கு நடுப்பகலிலும் எரிகிறது. வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் பவுண் விலை கேட்கிறார்கள். 2022இல் ரூபாய் ஒரு டாலருக்கு இருநூறிலிருந்து சில வாரங்களுக்குள் முந்நூற்றைம்பதைத் தாண்டிச் சரிந்தபோது, தாளை நம்பாமல் தங்கத்தை நம்பிய கிழவிகளே சரி என்று ஊர் ஒத்துக்கொண்டது. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் உழைத்த காசு வங்கி வழியாகவும் வருகிறது, உண்டியல்காரர் வழியாகவும் வருகிறது. உண்டியலில் காசு கடல் கடப்பதே இல்லை. அங்கே ஒருவர் வாங்குகிறார், இங்கே இன்னொருவர் கொடுக்கிறார், நடுவில் ஒரு தொலைபேசிச் சொல். எந்த அரசின் முத்திரையும் தேவைப்படாத இந்த ஏற்பாடு, நொக்ஸ் கண்ட கம்பிக்காசின் காலத்துக்கே நம்மைக் கொண்டுபோகிறது. ஆளைத் தெரிந்தால் போதும்.

கல்யாணத்துக்கு முன் பொன்னுருக்கல் இன்னும் நடக்கிறது. நல்ல நாள் பார்த்து, மாப்பிள்ளை வீட்டில் பத்தர் வந்து உமிக்கரி மூட்டி, ஒரு பொற்காசை உருக்கித் தாலிக்கு எடுப்பார். முன்பு அது ஆங்கிலப் பவுணாக இருந்தது. இன்று கடையில் வாங்கும் நாணயம். அது அழகான சடங்கு, நடக்கட்டும். என்னைப் பதைக்கவைப்பது வேறு உருக்கல். கிணறு வெட்டும்போது, வீட்டுக்கு அத்திவாரம் தோண்டும்போது கிடைக்கும் பழங்காசு கன்னாதிட்டி நகைக்கடைப் பக்கம் போனால் வெள்ளி எடைக்கே விலை. கம்பனி முத்திரை குத்திய தங்காவாக இருந்தாலும் சரி, கந்தரோடைக் காசாக இருந்தாலும் சரி, தட்டில் அது இத்தனை கிராம். பழங்காசு தேடும் வெளியூர் வியாபாரியிடம் போனால் கொஞ்சம் கூடக் கிடைக்கும், ஆனால் எந்த ஊரில், எந்த ஆழத்தில், எதனோடு சேர்ந்து கிடைத்தது என்ற விவரம் அங்கேயே அழிந்துபோகும். கிடைத்த இடம் தெரியாத காசு வரலாற்றுக்குப் பாதி ஊமை.

சட்டம் என்ன சொல்கிறது? 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி நிலத்தில் கிடைக்கும் தொல்பொருள் அரசுக்குரியது, அறிவிக்கவேண்டும். ஆனால் வடக்கில் தொல்பொருள் திணைக்களத்தின் பெயரைக் கேட்டால் மக்கள் முதலில் நினைப்பது தங்கள் காணியை. இந்த இடம் யாருடைய மரபு என்ற சண்டையில் கோயிலும் வயலும் சிக்கியதைப் பார்த்தவர்கள் அவர்கள். ஒரு காசைக் கொண்டுபோய்க் கொடுத்தால் பின்னாலேயே எல்லைக்கல் வந்துவிடுமோ என்ற அச்சம் பொய்யான அச்சம் என்று நான் சொல்லமாட்டேன். அதனால் காசு உருகுகிறது.

கோட்டைக்குள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தாரும் டர்ஹாம் பல்கலைக்கழகத்தின் றொபின் கனிங்ஹாமின் குழுவும் சேர்ந்து தோண்டியபோது, போர்த்துக்கேயர் வருவதற்கு நெடுநாள் முன்பே அந்தக் கடற்கரையில் வணிகம் நடந்ததற்கான தடயங்கள் வெளிவந்தன. அங்கே ஒவ்வொரு ஓட்டுத்துண்டுக்கும் ஆழமும் அடுக்கும் எழுதப்படுகின்றன. வீடுகளில் கிடைக்கும் காசுக்கு அந்தக் கவனிப்பில் பத்தில் ஒன்று போதும். காசை யாரும் பறிக்கவேண்டாம், வைத்திருப்பவரிடமே இருக்கட்டும். இரு பக்கமும் படம், எடை, கிடைத்த ஊரின் பெயர், கிடைத்த ஆண்டு. தொல்லியல் படிக்கும் மாணவர்கள் சனசமூக நிலையங்களுக்குப் போய் உட்கார்ந்தாலே இதைச் செய்துவிடலாம். 2005 முதல் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் மின்வடிவில் சேர்த்துவரும் நூலகம் நிறுவனம் போன்ற இடங்கள் இருக்கின்றன, படங்களைப் பாதுகாக்க. 1981இல் பொது நூலகம் எரிந்த ஊரில், ஒரே இடத்தில் எல்லாவற்றையும் வைக்கக்கூடாது என்பதை யாரும் சொல்லித்தரவேண்டியதில்லை.

அந்தப் பட்டியலில் வெள்ளியோடு காகிதமும் சேரவேண்டும்: 1961ஆம் ஆண்டுத் தபால் முத்திரை ஒட்டிய கடித உறை, வைப்பகத்தின் கணக்குப் புத்தகம், இரண்டு பவுணுக்கான பற்றுச்சீட்டு. கல்யாணப் பத்திரிகைகளோடும் பிறப்புச் சான்றிதழ்களோடும் அவை இன்னும் சில பெட்டிகளில் கிடக்கின்றன. அன்று நாற்பத்தைந்து வயதில் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தவர்களுக்கு இன்று எண்பது.